ஆறு தடவை கடந்து போன ஸ்டேஷன்

கேள்வி: ஹட்டனில் ஆசிரியராக இருக்கிறேன். என் தாத்தா (அப்பாவின் அப்பா) 1936 முதல் 1960 வரை பொலிஸ் கான்ஸ்டபிளாக இருந்தவர். 1940 வாக்கில் கண்டிப் பக்கம் வேலை செய்தாராம். அவருடைய சேவைப் பதிவுகளைத் தேடி மூன்று முறை ரயிலில் கொழும்பு போய்வந்தேன். பழைய வர்த்தமானிகளில் பெயர் இல்லை. எழுதிய கடிதங்களுக்கும் பதில் இல்லை. சீருடையில் எடுத்த ஒரே படம் நாவலப்பிட்டியில் பெரியத்தை வீட்டில் இருக்கிறது. தாத்தாவும் பாட்டியும் கடைசிக் காலத்தில் அங்கேதான் இருந்தார்கள். காணித் தகராறால் 11 வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. அத்தைக்கு இப்போது 82 வயது. முன்பு கேட்டபோதே "செத்தவரை ஏன் தோண்டுற?" என்றுதான் சொன்னார். இனி எங்கே தேடுவது?

பதில்: நாவலப்பிட்டியில்.

தம்பி, ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகிற ரயில் நாவலப்பிட்டியில் நின்றுதான் போகும். மூன்று முறை போய்வந்தீர்கள் என்றால் அந்த ஸ்டேஷனை ஆறு தடவை கடந்திருக்கிறீர்கள். ஆறு தடவையும் ஜன்னலோரம் உட்கார்ந்து வடை தின்றுகொண்டா இருந்தீர்கள்? பூர்வீகம் தேடுகிறேன் என்று எனக்கு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். செத்தவருக்காகக் கொழும்பு வரை போவார்கள். உயிரோடு இருப்பவர் வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள்.

வர்த்தமானியில் பெயர் இல்லை என்று வருந்த வேண்டாம். அதில் நியமனம், பதவி உயர்வு என்று வருவது பெரும்பாலும் மேலதிகாரிகளின் பெயர்கள். டவ்பிகின் 1913 முதல் 1937 வரை பொலிஸ் மா அதிபராக இருந்தார். அவரைப் பற்றி எங்கேயும் படிக்கலாம். அவர் காலத்தில் சேர்ந்த ஒரு கான்ஸ்டபிளைப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் கண் வலிதான் மிஞ்சும். அதிலும் நம்மவர் பெயரை அந்தக் காலத்து கிளார்க் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ஒரே ஆள் மூன்று விதமாக இருப்பார்.

கான்ஸ்டபிளுக்குப் பெயரை விட இலக்கம்தான் முக்கியம். அது சீருடையிலேயே இருக்கும். அந்தப் படத்தில் தோளையோ கழுத்துப்பட்டியையோ பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியலாம். படம் எங்கே இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டு, எங்கே தேடுவது என்று என்னைக் கேட்கிறீர்கள்.

இன்னொன்று. 24 வருடம் வேலை செய்தவருக்கு ஓய்வூதியம் வந்திருக்க வேண்டும். அவருக்குப் பிறகு பாட்டிக்கும் வந்திருந்தால், அதற்கென்று தனியாக ஒரு கோவையும் (ஃபைல்) இலக்கமும் இருக்கும். மாதாமாதம் பாட்டியைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் அந்தப் பணத்தை வாங்கிக்கொடுத்தது யார்? நீங்கள் எழுதவில்லை. அவர்கள் யார் வீட்டில் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அது போதும். கடைசி வரை கஞ்சி ஊற்றிய மகளிடம்தான் அந்தக் காகிதங்கள் இருக்கும். அவற்றின் மீது முதல் உரிமையும் அவருக்குத்தான். பேரன் என்றால் கேட்டு வாங்க வேண்டும். காணி யாருக்கு என்பதை நீதிமன்றம் பார்க்கட்டும். அப்பா கூடப்பிறந்தவளோடு பேசவில்லை என்றால் அது அவர் பாடு. அதை நீங்கள் எதற்குச் சீதனம் போலச் சுமக்கிறீர்கள்?

"தோண்டாதே" என்றதையும் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்துப்போனார். மலையகத்தில் அந்தப் பெயரை இன்னும் மறக்கவில்லை. உங்கள் தாத்தா அங்கே இருந்தார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்த வருடம், அந்தக் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு தமிழர் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போனால் சனங்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்? வீட்டுக்கு வந்து அவர் என்ன சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பது எந்தக் கோவையிலும் இராது. பதக்கத்தை மட்டும் தேடுகிறவராக இருந்தால் இப்போதே நிறுத்திக்கொள்ளுங்கள். சேவைப் பதிவில் தண்டனையும் எழுதியிருப்பார்கள்.

இலக்கம் கிடைத்த பிறகு வெறும் கடிதம் எழுதாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பொலிஸ் திணைக்களத்துக்கும் ஓய்வூதியத் திணைக்களத்துக்கும் தனித்தனியாக விண்ணப்பியுங்கள். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும். தாத்தாவின் மரணச் சான்றிதழ், அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், உங்களுடையது மூன்றையும் இணைத்தால் உறவு தெளிவாகிவிடும். கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பொலிஸ் மா அதிபரின் ஆண்டறிக்கைகளைப் பார்க்கலாம். அதில் தாத்தா இருக்க மாட்டார், அவர் வேலை செய்த காலம் இருக்கும்.

அதெல்லாம் அப்புறம். முதல் தடவை போகும்போது பூதக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அத்தைக்கு ஒரு சேலை, மருந்து ஏதாவது தேவையா என்று கேட்டு அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். படத்தைப் பற்றி அவராகப் பேச்செடுக்கும் வரை வாயைத் திறக்காதீர்கள்.