இலங்கையைச் சுற்றிவரும்போது அந்தந்த ஊருக்கே உரிய சாப்பாட்டை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது?

புளிப்புக்கு என்ன போடுகிறார்கள், இனிப்பு எந்த மரத்திலிருந்து வருகிறது என்று கேளுங்கள். எனக்கு இந்த இரண்டு கேள்விகள்தான் கைகொடுத்தன. "இந்த ஊர் ஸ்பெஷல் என்ன?" என்று கேட்டால் பஸ் நிலையத்துக் கடையில் கொத்து ரொட்டியைத்தான் காட்டுகிறார்கள். முதல் மூன்று நாளும் அதையேதான் சாப்பிட்டேன். ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் கொழும்பில் சாப்பிட்டதற்கும் யாழ்ப்பாணத்தில் சாப்பிட்டதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

யாழ்ப்பாணத்தில் தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் ஒடியல் கூழ் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். "முதலே சொல்லியிருந்தா காலமை சந்தையில நண்டு, றால் எல்லாம் வாங்கியிருப்பனே தம்பி" என்றார். கூழ் ஒரு ஆளுக்குக் காய்ச்சுகிற பண்டம் அல்ல, வீடே கூடிக் குடிப்பது என்று அப்போதுதான் புரிந்தது. இன்னொரு நாள் தங்கினேன். பனங்கிழங்கைப் பிளந்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அதை இடித்த மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, மேலே நிற்கும் தண்ணீரை இறுத்து, கசப்பைப் போக்கினார். பெரிய பானையில் நண்டு, றால், கணவாய், மீன் தலை, பயித்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கை இலை எல்லாம் வெந்தன. அரைத்த செத்தல் மிளகாயும் கரைத்த பழப்புளியும் அதில் இறங்கின. கடைசியில்தான் ஒடியல் மா. கூழ் தடித்து வந்ததும் பலா இலையைக் கோலி அதில் ஊற்றிக் கொடுத்தார். காரத்தில் கண்ணில் நீர் வந்தது. நான்கு முறை வாங்கிக் குடித்தேன்.

பழப்புளி என்பது நம் புளிதான். அங்கே இனிப்பும் பனைதான். ஓலையில் பின்னிய சின்னக் குட்டானில் பனங்கட்டி விற்கிறார்கள், அதைக் கடித்துக்கொண்டே தேநீர் குடிக்கிறார்கள். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத சுண்ணாம்புக்கல் பூமி அது. மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். அந்த வறட்சியைத் தாங்கி நிற்கும் மரங்கள்தான் சமையலுக்கும் வருகின்றன.

ரயிலில் கொழும்பு வந்து தென்மேற்குக் கரையிலுள்ள காலி நகருக்குப் போனால் புளிப்பு, இனிப்பு இரண்டுமே மாறிவிடுகின்றன. தீவின் நீளம் ஏறத்தாழ 430 கிலோமீட்டர்தான், ஆனால் தென்மேற்கு மழைக்காடு வேறு உலகம். அங்கே மீனுக்குப் புளிப்பு கொறக்கா. நம் ஊர்க் கொடுக்காப்புளி என்று நினைத்துவிடாதீர்கள். கேரளத்தில் மீன் குழம்பில் போடும் குடம்புளிதான் இது. சூரை மீனைக் கட்டியாக நறுக்கி, அரைத்த கொறக்காவும் மிளகும் உப்பும் பூசி, மண்சட்டியில் தண்ணீர் வற்றும்வரை வேகவைக்கிறார்கள். பெயர் அம்புல்தியல். குழம்பு என்று எதுவும் மிஞ்சாது, துண்டுகள் கறுத்து இறுகிக் கிடக்கும். குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் மீனைப் பல நாள் வைத்துச் சாப்பிடக் கண்ட வழி. இந்தத் தீவில் நான் சாப்பிட்ட மீன்களில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன், யாழ்ப்பாணத்து நண்பர்கள் மன்னிக்க வேண்டும்.

கொழும்பில் லம்ப்ரைஸ் கிடைத்தால் விடாதீர்கள். ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் சமையல்: இறைச்சிச் சாற்றில் வேகவைத்த சோறும் கறிகளும் வாழையிலைப் பொட்டலமாகக் கட்டிச் சுட்டது.

இனிப்புக்குத் தெற்கில் கித்துள் பனை. ஈர மலைப்பக்கம் வளரும் மரம் அது. பூம்பாளையைச் சீவி இறக்கும் நீரைக் காய்ச்சினால் பாணி, இன்னும் காய்ச்சினால் கருப்பட்டி. அந்தப் பாணியைத் திஸ்ஸமகாராமைப் பக்கம் எருமைத் தயிர்மேல் ஊற்றிக் கொடுத்தார்கள். எருமை மேய்வது வறண்ட சமவெளியில், பாணி வருவது மழை பெய்யும் மலையிலிருந்து. இரண்டும் ஒரே கிண்ணத்தில். எருமைத் தயிருக்கு மட்டக்களப்பும் பேர்போனது, அங்கேயும் மண்சட்டியோடுதான் விற்பார்கள். சட்டியைச் சாய்த்தாலும் தயிர் அசையாது.

பாணியை மட்டும் ருசி பார்த்து வாங்குங்கள். சீனிப்பாகு கலந்தது நிறைய விற்கிறது. நான் வாங்கிய நல்ல பாணியில் லேசாகப் புகை வாசம் இருந்தது, இனிப்பு தொண்டையை அறுக்கவில்லை.