திருவிருந்தில் (இயேசுவை நினைவுகூர்ந்து சபையில் அப்பமும் திராட்சரசமும் பகிர்வதில்) பங்கெடுப்பதற்கும் ஏழைகளுக்குக் கொடுப்பதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு உண்டு. திருவிருந்தைப் பற்றிப் பவுல் எழுதிய பகுதியே (1 கொரிந்தியர் 11) ஒரு சாப்பாட்டுப் பிரச்சினையில்தான் தொடங்குகிறது. கொரிந்து சபையில் சிலர் தங்கள் சாப்பாட்டை முந்திக்கொண்டு சாப்பிட்டுவிடுவார்கள்; ஒருவருக்குக் குடிவெறி ஏறியிருக்கும், இன்னொருவர் பட்டினி. இல்லாதவர்களை வெட்கப்படுத்திவிட்டு உண்பது கர்த்தருடைய பந்தியே அல்ல என்கிறார் பவுல். அபாத்திரமாய் (தகுதியற்ற விதத்தில்) பங்கெடுக்காதீர்கள் என்ற எச்சரிக்கையும் இதே பேச்சின் தொடர்ச்சிதான். நம் பிரசங்கங்களில் அதைத் தனிப்பட்ட பாவ அறிக்கையாக மட்டும் சுருக்கிவிடுகிறோம் என்பது என் எண்ணம்.

ஏறக்குறைய கி.பி. 155-ல் ரோமில் இருந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், ஞாயிறு ஆராதனையை விவரித்திருக்கிறார். அப்பமும் திராட்சரசமும் பகிரப்படும். வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அடுத்ததாகக் காணிக்கை. வசதியுள்ளவர்கள் விருப்பப்பட்டதைக் கொடுப்பார்கள், கட்டாயம் கிடையாது. அது சபையை நடத்துபவரிடம் சேரும். அனாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் எல்லாரையும் அதிலிருந்து அவர் கவனிப்பார். (கட்டட நிதி பற்றி அங்கே பேச்சே இல்லை!)

உங்கள் சபையில் திருவிருந்து ஞாயிறன்று விழும் காணிக்கை எந்தக் கணக்குக்குப் போகிறது என்று பொருளாளரிடம் கேட்டுப் பாருங்கள்.