மூன்று வேலை சொன்னால் ஒன்றுதான் நடக்கிறது

கேள்வி: மகனுக்கு 10 வயது. கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் "சாக்ஸைக் கழற்று, டிபன் பாக்ஸைக் கழுவப் போடு, டைரியை எடுத்து வா" என்றால் சாக்ஸோடு நின்றுவிடுகிறான். வீட்டுப்பாடம் எழுத உட்காரவே அரை மணி நேரம். சோம்பேறித்தனமா? நினைவாற்றலை வளர்க்கும் மொபைல் விளையாட்டு வாங்கித் தரலாமா?

பதில்: சோம்பேறி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கணக்குப் போடும் திறன் வேறு. சொன்னதை மனதில் வைத்திருந்து, இடையில் வரும் ஆசையை அடக்கி, வரிசையாகச் செய்து முடிக்கும் திறன் வேறு. இதில் பெரும்பங்கு வகிப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி. அது முழுமையாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். பெரியவர்கள் மனதிலேயே ஒரே நேரத்தில் ஏறக்குறைய 4 விஷயங்கள்தான் நிற்கும். குழந்தைக்கு இன்னும் குறைவு. சாக்ஸைக் கழற்றும்போது டிவி சத்தம் கேட்டால் போதும், மற்ற இரண்டும் நழுவிவிடும். நீங்கள் கத்தினால், இருக்கும் கொஞ்ச இடத்தையும் பயம் பிடித்துக்கொள்ளும்.

அதனால் நினைவில் வைக்கும் வேலையைத் தாளுக்கு மாற்றுங்கள். மூன்றே வேலைகளை அவன் கையாலேயே எழுதச் சொல்லி, பையை வைக்கும் இடத்தில், அவன் கண்மட்டத்தில் ஒட்டுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் பத்துத் தாள்களுக்கு நடுவே ஒட்டினால் நாலு நாளில் கண்ணில் படாது. "அடுத்து என்னம்மா?" என்று கேட்டால் பதில் சொல்லாமல் தாளைக் காட்டுங்கள். நீங்களே சொல்லிவிட்டால் திட்டமிடுவது உங்கள் மூளைதான், அவனுடையது அல்ல.

உட்கார வைப்பதற்கு "போய்ப் படி" உதவாது. எங்கே தொடங்குவது என்று அதில் இல்லை. "பால் குடித்து டம்ளரை வைத்ததும், நோட்டில் தேதி எழுதுவேன்" என்று அவனையே சொல்ல வையுங்கள். இப்படி ஒரு செயலோடு இன்னொன்றை முடிச்சுப் போடுவது பலன் தருவதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். பிறகு 15 நிமிடம் எழுத்து, 3 நிமிடம் இடைவேளை. இடைவேளையில் மொபைல் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து மனதைத் திருப்புவது அவனுக்குப் பெரிய வேலை. ஒரு வாரம் ஒழுங்காக நடந்ததும் தாளைக் கிழித்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. சில வாரங்கள் விட்டுவைத்து, ஒவ்வொரு வரியாகக் குறையுங்கள்.

விளையாட்டுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். அந்த விளையாட்டில் கெட்டிக்காரனாவான். டிபன் பாக்ஸ் பையிலேயேதான் கிடக்கும்.

இரவு 9 மணி நேரமாவது தூங்குகிறானா, காதும் கண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வீட்டிலும் பள்ளியிலும் 6 மாதத்துக்கு மேல், அவன் வயதுப் பிள்ளைகளைவிட மிக அதிகமாக இந்தத் தடுமாற்றம் இருந்தால், ஆசிரியரின் குறிப்போடு குழந்தைநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.