நாலு கட்டத்தில் மழைக் கணக்கு

கேள்வி: "ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்று சொல்லிவிட்டால், எங்கேயாவது நாலு தூறல் விழுந்தாலே சரியாகிவிடும். இது தப்பித்துக்கொள்ளும் பேச்சுதானே, ஐயா?
- வாசகி, திண்டிவனம்

பதில்: இல்லையம்மா. அதற்கு அளவு உண்டு. ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவானால்தான் 'ஓரிரு இடங்கள்'. 50 வரை 'சில', 75 வரை 'பல', அதற்கு மேல் 'பெரும்பாலான'. தூறல் இதில் சேராது, குறைந்தது 2.5 மி.மீ. வேண்டும். 'ஓரிரு' என்று சொன்ன நாளில் ஊரெல்லாம் கொட்டினால் அந்த அறிவிப்பு தப்புதான்.

இதை நீங்களே சோதிக்கலாம். நிலையங்களில் தினமும் காலை 8.30-க்கு மழைமானித் தண்ணீரை அளவுக் குடுவையில் ஊற்றி, முந்தைய 24 மணி நேர மழையைக் குறிப்பார்கள். அந்தப் பட்டியல் பேப்பரில் வரும். கணக்கு வாத்தியாராக இருந்தபோது என் பிள்ளைகளை நோட்டின் இடப்பக்கம் அறிவிப்பையும், வலப்பக்கம் பெய்த அளவையும் ஒட்டச் சொல்வேன். மாசக் கடைசியில் நாலு கட்டம் போடுவோம்: சொன்னது பெய்தது, சொன்னது பெய்யவில்லை, சொல்லாமல் பெய்தது, சொல்லவுமில்லை பெய்யவுமில்லை.

யாராவது "நான் சொன்னது நூற்றுக்குத் தொண்ணூறு பலித்தது" என்றால் இந்த நாலையும் கேளுங்கள். 1884-இல் அமெரிக்க ராணுவத்தின் வானிலைப் பிரிவில் இருந்த ஃபின்லி, சூறாவளிச் சுழல் (டொர்னாடோ) வருமா வராதா என்று 2,803 முறை கணித்தார். 96.6 சதவீதம் சரி என்றார். கில்பர்ட் என்பவர் கணக்கை உடைத்துப் பார்த்தார். சுழல் வந்தது 51 முறை, ஃபின்லி முன்கூட்டிச் சொன்னது அதில் 28-தான். வரும் என்று சொல்லி வராமல் போனது 72. ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு "வராது" என்று சொல்லியிருந்தாலே 98.2 சதவீதம் கிடைத்திருக்கும்! ஆனால் அந்த 98.2 யாரையும் காப்பாற்றாது, ஃபின்லியின் 28 காப்பாற்றும். அதனால்தான் வெறும் சதவீதத்தை நான் ஒத்துக்கொள்வதே இல்லை.

மூன்றாம் கட்டம்தான் பொல்லாதது. 2021 டிசம்பர் 30 மதியம் சென்னையில் கொட்டிய பெருமழை அதில்தான் விழும். நான்காம் கட்டம் கோடையில் தானாகவே நிரம்பிவிடும், அதைச் சேர்த்துப் பெருமை பேசக் கூடாது.

அக்டோபரில் நோட்டைத் தொடங்குங்கள். டிசம்பர் முடிந்ததும் இரண்டாம், மூன்றாம் கட்டங்களைத் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள். இங்கேயே போடுகிறேன்.