மேற்கே 350 கிலோமீட்டர்

அன்புள்ள சார்,

ஒன்றரை வருடமாக மாலை வானத்தைப் படமெடுத்து வருகிறேன். கண்ணுக்குச் செக்கச்செவேல் என்று தெரியும் வானம் படத்தில் மஞ்சளாக வெளிறிப்போகிறது. கிராஜுவேட்டட் பில்டர் வாங்கலாமா, போலரைசர் வாங்கலாமா என்று குழப்பம். மேகம் நிறைய இருக்கும் நாளாகப் பார்த்துப் போனால், ஒரு நிறமும் வராமல் சாம்பலாகவே இருட்டிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் கிளம்பி வந்துவிடுவேன். காற்றில் தூசும் புகையும் இருந்தால்தான் வானம் சிவக்கும் என்று நண்பர் சொல்கிறார், உண்மையா? இரண்டு எக்ஸ்போஷரைச் சேர்த்து ஒரு படமாக்குவது ஏமாற்று வேலையா? மின்னலுக்காக மொட்டைமாடியில் முக்காலி போட்டு நிற்கிறேன். இதுவரை ஒன்றும் உருப்படியாகச் சிக்கவில்லை. வழிகாட்டுங்கள்.

அன்புடன்,
வி.

அன்புள்ள வி.,

கேள்விகளை எல்லாம் விட்டுவிட்டு, போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியில்தான் நான் நின்றேன்: ‘சூரியன் மறைந்ததும் கிளம்பி வந்துவிடுவேன்.’ ஏன் கிளம்பினீர்கள்? இதைப் பற்றி எழுதவேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். கடற்கரையோ மலைமுகடோ, எங்கே போனாலும் இதுதான் நடக்கிறது. சூரியன் தொடுவானத்தில் முங்கியதும் முக்காலிகள் மடங்குகின்றன, பைகளின் ஜிப் மூடுகிறது. பந்தியில் இலை போட்ட கையோடு எழுந்து போகிற கூட்டம்.

அதற்கு முன் பில்டர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். போலரைசர் என்பது வானத்தின் நீலத்தை ஆழமாக்கும் பில்டர். அது சூரியனுக்குச் செங்குத்தாக, 90 பாகை தள்ளியிருக்கும் வானத்தில்தான் நன்றாக வேலை செய்யும். சூரியனை நேராகப் பார்க்கும்போது அதனால் பயன் இல்லை, ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்பதுதான் மிச்சம் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). அகல லென்ஸில் மாட்டினால் வானத்தின் நடுவில் கறுப்பாக ஒரு திட்டு விழும். மேல் பாதி கறுத்து, கீழ் பாதி தெளிவாக இருக்கும் கிராஜுவேட்டட் பில்டர் நல்ல சாமான்தான். 3 ஸ்டாப், விளிம்பு மென்மையானது, ஒன்று போதும். ஆனால் உங்கள் வானம் வெளிறுவதற்குக் காரணம் பில்டர் இல்லாதது என்று எனக்குத் தோன்றவில்லை. இப்போது லென்ஸ் முன்னால் பாதுகாப்புக்காக யூவி பில்டர் எதையாவது திருகி வைத்திருந்தால் அதைக் கழற்றுங்கள். சூரியன் சட்டகத்துக்குள் வரும்போது, அந்தத் தட்டைக் கண்ணாடிதான் படத்தின் மறுமூலையில் பச்சைப் பொட்டு வைக்கிறது.

காமிரா சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனலாகப் படத்தைப் பதிக்கிறது. வெளிறுவது சிவப்புச் சேனலில் நடக்கிறது. அந்திவானத்தில் சிவப்பு எக்கச்சக்கம், பச்சை கொஞ்சம், நீலம் அதைவிடக் கொஞ்சம். காமிரா மூன்றையும் கலந்து ஒரே சராசரி வெளிச்சமாகக் கணக்குப் பார்த்து, ‘இன்னும் இடம் இருக்கிறது’ என்று எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் வெளிச்சத்தை, கூட்டும். சிவப்பு உச்சத்தில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் ஏற வழியில்லாததால் பச்சை மட்டும் ஏறும். நிரம்பிய சிவப்போடு பச்சை சேரச்சேர ஆரஞ்சு மஞ்சளாகும். நீங்கள் பார்த்த மஞ்சள் அதுதான். காமிராவில் ஹிஸ்டோகிராம், அதாவது இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் பிரகாசம் என்று காட்டும் வரைபடம், வெள்ளையாக ஒரே ஒன்றுதான் தெரிந்தால் இது தெரியவே தெரியாது. மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை மெனுவில் தேடி எடுத்து வையுங்கள். சிவப்பு மேடு வலது சுவரில் ஒட்டினால், ஒட்டாதவரை எக்ஸ்போஷரைக் குறையுங்கள். பெரும்பாலும் 1 முதல் 2 ஸ்டாப் கழிக்க வேண்டியிருக்கும்.

ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருக்கிறதா? இருக்கும். வெளிச்சம் மஞ்சளாக இருந்தால் அதைச் சரிசெய்வதுதான் ஆட்டோவின் வேலை. நீங்கள் எதற்காகப் போனீர்களோ அதையே துடைத்து எடுத்துவிடும். டேலைட்டில், அதாவது 5200 முதல் 5500 கெல்வினுக்குள் நிறுத்திவிடுங்கள். ரா கோப்பாக, அதாவது காமிரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக, எடுத்தால் பிறகும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் காமிராத் திரையில் நீங்கள் பார்க்கும் ஹிஸ்டோகிராம் ஜேபெக்கிலிருந்து, அதாவது காமிராவே பதப்படுத்திய படத்திலிருந்து, வருவது. ஒயிட் பேலன்ஸ் தப்பாக இருந்தால் அதுவும் தப்பாகத்தான் பேசும்.

சரி, சாம்பல் வானத்துக்கு வருகிறேன். மேகம் இருந்தால் வானம் சிவக்கும் என்று நினைக்கிறீர்கள். மேகம் வெறும் திரை. அதன்மேல் விழ வெளிச்சம் வேண்டும். அது வருவது சூரியன் மறைந்த பிறகு, கீழேயிருந்து, கதவின் அடியிடுக்கில் நுழைவதுபோல.

கணக்கு எளிதானது. தலைக்கு மேலே 10 கிலோமீட்டர் உயரத்தில் கீற்றுமேகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே ஏறத்தாழ 3 பாகை இறங்கும்வரை அதன்மேல் வெயில் படும். அந்தக் கடைசி வெயில் உங்களுக்கு மேற்கே சுமார் 350 கிலோமீட்டர் தொலைவில் தரையை உரசிக்கொண்டு, நீண்ட தூரம் கனமான காற்றுக்குள் வந்து, நீலத்தையும் பச்சையையும் வழியிலேயே இழந்து, மிச்சமிருக்கும் சிவப்போடு மேகத்தின் அடியில் மோதுகிறது. 6 கிலோமீட்டர் உயர மேகத்துக்கு அந்த உரசல் புள்ளி 275 கிலோமீட்டரில், 2 கிலோமீட்டர் மேகத்துக்கு 160 கிலோமீட்டரில். உங்கள் தலைக்கு மேலே வானம் சிவக்குமா என்பது அங்கேதான் முடிவாகிறது. அங்கே ஒரு மழைமேகக் கூட்டம் உட்கார்ந்திருந்தால் உங்கள் மேகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சாம்பல்தான். நீங்கள் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. தொடுவானத்தை ஒட்டி மெல்லிய கருங்கோடு ஒன்று தெரிந்தால் உண்டு.

ஆகவே கிளம்புவதற்கு முன் வானிலைச் செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். இலவசமாகக் கிடைக்கிறது, 10 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிறார்கள். இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலோர் அகச்சிவப்புப் படத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். அது வெப்பநிலையைக் காட்டுவது. உயரத்தில் இருக்கும் குளிர்ந்த மேகம் அதில் பளீர் வெள்ளை. தாழ்ந்த மேகம் தரையின் சூட்டிலேயே இருப்பதால் மங்கிப்போய்ப் பார்வையிலிருந்து தப்பிவிடும். உங்கள் வெளிச்சத்தை மறிப்பது அந்தத் தாழ்ந்த மேகம்தான். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே, சூரியன் மறைவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த (விசிபிள்) படத்தைத் திறந்து உங்கள் இடத்திலிருந்து சூரியன் இறங்கும் திசையில் 350 கிலோமீட்டர் அளந்து பாருங்கள். அந்தத் திசை வருடம் முழுக்க நேர் மேற்கு கிடையாது. கோடையிலும் குளிர்காலத்திலும் கணிசமாக நகரும். உங்கள் மேலே இருக்கும் உயர மேகத்தின் மேற்கு விளிம்பு 100, 200 கிலோமீட்டரில் முடிந்து, அதற்கு அப்பால் வெட்டவெளியாக இருந்தால், வேறு எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டுப் போகலாம். விளிம்பு அதைவிட வெகு தொலைவில் என்றால் வாய்ப்பு குறைவு.

நேரக் கணக்கும் இதிலேயே வந்துவிடுகிறது. பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதிகளில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்கும், 4 நிமிடத்துக்கு 1 பாகை. தாழ்ந்த மேகம் 5, 6 நிமிடத்தில் அணைந்துவிடும். நடு உயரத்து மேகம் சுமார் 10 நிமிடத்தில். கீற்றுமேகம் 12, 13 நிமிடம்வரை எரியும். மேற்கே சரிந்திருக்கும் பகுதி அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம். துருவங்களை நோக்கிப் போகப்போக சூரியன் சாய்வாக இறங்குவதால் எல்லாமே நீளும். ஆக, வானம் முதலில் சிவந்து, மங்கி, சாம்பலாகி, ‘முடிந்தது’ என்று தோன்றும்போது கீழ்மேகம்தான் முடிந்திருக்கிறது. மேலே இருப்பது இன்னும் முறை வராமல் காத்திருக்கிறது. நீங்கள் அப்போது வண்டியைக் கிளப்பிக்கொண்டிருக்கிறீர்கள், வி. கோபம் வராமல் என்ன செய்யும்?

உங்கள் நண்பரின் தூசுக் கதைக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. தரையை ஒட்டிய புகையும் தூசும் பெரிய துகள்கள். எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடித்து வானத்தைப் பால் கலந்த பழுப்பாக்கும். அப்படிப்பட்ட நாளில் சூரியன் தொடுவானத்தைத் தொடும் முன்பே மங்கிய வட்டமாகிக் காணாமல் போய்விடும். நல்ல சிவப்பு வருவது மழை கழுவிவிட்ட காற்றில். நண்பர் எரிமலையை மனதில் வைத்துச் சொல்லியிருந்தால் அது வேறு. 1883இல் இந்தோனேசியாவின் கிரகடோவாவும் 1991இல் பிலிப்பைன்ஸின் பினடூபோவும் வெடித்தபோது கந்தக அமிலத்தின் மிக நுண்ணிய துளிகள் சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில் பரவின. உயரம் கூடினால் வெளிச்சம் நிற்கும் நேரமும் கூடும் என்று இப்போதுதானே பார்த்தோம்? அதனால்தான் உலகம் முழுக்க அந்தி நீண்டு ஊதாவாகக் கிடந்தது. கிரகடோவாவுக்குப் பிறகு லண்டனில் வில்லியம் ஆஸ்கிராஃப்ட் என்ற ஓவியர் தேம்ஸ் கரையில் உட்கார்ந்து மாலை மாலையாகப் பாஸ்டலில் தீட்டித் தள்ளினார். ஓவியருக்கு இருந்த பொறுமை காமிராக்காரருக்கு இருக்கக்கூடாதா?

சூரியன் போனபிறகு படமெடுப்பதும் எளிது. பிரகாசத்துக்கும் இருட்டுக்கும் இருந்த இடைவெளி சுருங்கிவிடுவதால், தரையும் வானமும் ஒரே எக்ஸ்போஷரில் அடங்க ஆரம்பிக்கும். ஐஎஸ்ஓ (காமிராவின் ஒளி உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை; எண் கூடினால் துளை சுருங்கும்) எஃப் 8. ஷட்டர் கால் நொடியில் தொடங்கிப் பல நொடிகளுக்குப் போகும். ஒவ்வொரு 2 நிமிடத்துக்கும் ஹிஸ்டோகிராமைப் பார்த்துத் திருத்துங்கள், இந்த நேரத்தில் வெளிச்சம் சரசரவென்று விழும். முக்காலியில் இருக்கும்போது லென்ஸின் அசைவுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். ஒரு முறையாவது மேற்குக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள். கிழக்கே தொடுவானத்தில் நீலச்சாம்பலாக எழும்பும் பட்டை பூமியின் நிழல், அதன் தலையில் இளஞ்சிவப்புப் பட்டை. கிழக்கில் இடிமேகம் நின்றால் அதன் தலை மட்டும் கடைசிவரை தங்கமாக இருக்கும். மேற்கே பார்த்து நிற்கும் இருபது பேரில் ஒருவருக்கும் அது தெரியாது.

இரண்டு எக்ஸ்போஷரைச் சேர்ப்பது ஏமாற்றா? 1856, 57இலேயே கடலுக்கு ஒன்று வானத்துக்கு ஒன்று என்று இரண்டு நெகட்டிவைச் சேர்த்து அச்சடித்துவிட்டார் பிரான்ஸின் ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லு கிரே. நகருங்கள்.

கடைசியாக மொட்டைமாடி. இதில் நான் மென்மையாகப் பேசப்போவதில்லை. சுற்றுவட்டாரத்தில் உயரமான, திறந்த இடத்தில் உலோக முக்காலியைப் பிடித்துக்கொண்டு இடிமேகத்துக்கு முன்னால் நிற்கிறீர்கள். மழை தொடங்கவில்லையே என்பது சமாதானம் ஆகாது. மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கும் அப்பால் மின்னல் தரையிறங்கும். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். 3 நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி கேட்டால் உள்ளே போய்விட வேண்டும். மரத்தடி, தகரக் கொட்டகை, குடை எதுவும் உள்ளே ஆகாது. கட்டடம், அல்லது கண்ணாடிகளை ஏற்றிய, உலோகக் கூரை உள்ள கார். காமிராவை வேண்டுமானால் மழையுறை போட்டு வெளியே விட்டுவிட்டு வாருங்கள். இன்டர்வலோமீட்டர், அதாவது இடைவெளி விட்டு ஷட்டரைத் தட்டும் கருவி, இருந்தால் அது தானே எடுக்கும்.

எதுவும் சிக்காததற்குக் காரணம் அநேகமாக இரண்டு. ஒன்று, லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் (நீண்ட நேரம் எடுத்த படத்தின் புள்ளிகளைக் குறைக்கும் வசதி) ஆனில் இருக்கும். 15 நொடி படமெடுத்தால் அடுத்த 15 நொடி காமிரா கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போடும், மின்னல் அந்த நேரத்தில்தான் வரும். அணையுங்கள். இரண்டு, ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும். லைவ் வியூவை, அதாவது திரையில் தெரியும் காட்சியை, பெரிதாக்கி, தொலைவில் இருக்கும் விளக்கு ஒன்றில் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 10 முதல் 20 நொடி, தொடர் எடுப்பு, கேபிள் ரிலீஸை (கம்பியின் முனையில் இருக்கும் ஷட்டர் பொத்தானை) பூட்டி வையுங்கள். மின்னல் கண நேரத்தில் முடிந்துவிடுவதால் அதன் பிரகாசத்தை ஷட்டர் தொடாது. அதை அப்பர்ச்சர்தான் தீர்மானிக்கும். தொலைவில் என்றால் எஃப் 5.6, கிட்டே வந்தால் எஃப் 11. சுற்றியிருக்கும் வானத்தின் வெளிச்சத்தை ஷட்டரால் சரிசெய்யுங்கள். பகலில் இந்த முறை நடக்காது, லைட்னிங் டிரிக்கர் வேண்டும். ஒரு மின்னலுக்குள் பொதுவாக மூன்று, நான்கு வீச்சுகள் இருக்கும். முதல் வீச்சைப் பார்த்து டிரிக்கர் தட்டினால் காமிராவில் விழுவது அடுத்தவை.

சன்னலுக்கு உள்ளேயிருந்து எடுப்பதானால் அறை விளக்கை அணைத்து, லென்ஸ் முன்னால் மாட்டும் ஹுட்டைச் சன்னல் கண்ணாடியோடு ஒட்டி வைத்துவிட்டு, நீங்கள் தள்ளி உட்காருங்கள். சன்னல் சட்டம் உலோகமாக இருந்தால் கையை வைக்காதீர்கள். மழை ஓய்ந்ததும் மேகத்தின் அடிவயிற்றில் பைபையாகத் தொங்கும் மம்மேட்டஸ் மேகத்தைச் சாயங்கால வெயிலில் பார்த்ததும் உடனே வெளியே ஓடத் தோன்றும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகட்டும். இருபத்தெட்டாவது நிமிடத்தில் இன்னொரு இடி கேட்டால், எண்ணிக்கையை மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள்.