வாங்குமுன் கேளுங்கள்: கல்வி விளையாட்டுகளும் அவை தரும் பின்னூட்டமும்

கேள்வி: மதிப்பீடுகளைப் பார்த்து, கணக்கு விளையாட்டுகள் பலவற்றுக்கு ஒரே நாளில் சந்தா கட்டினேன். இலவச வெள்ளோட்டம் இருந்தது, பார்க்க நேரமில்லை. பிள்ளை எதையும் தொடவில்லை.

பதில்: சந்தா கட்ட இருந்த நேரத்தில், வேண்டுமென்றே ஒரு தவறான விடையைத் தட்டி, விளையாட்டு என்ன சொல்கிறது என்று பார்த்திருக்கலாம். அடுத்த முறையாவது அதைச் செய்யுங்கள்.

கேள்வி: ‘ஒவ்வொரு பிழையையும் விளக்கும்’ என்ற விளம்பரத்தை நம்பி ஆண்டுச் சந்தா கட்டினேன். சிவப்புக் குறி மட்டுமே வருகிறது; மகள் அழுதுகொண்டே மூடிவிடுகிறாள்.

பதில்: உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. விளம்பரத்தையும் ரசீதையும் அந்தச் சிவப்புத் திரையையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, இன்றே பணத்தைத் திரும்பக் கேளுங்கள். சந்தாவையும் தனியாக ரத்து செய்யுங்கள். செயலியை நீக்கினால் மட்டும் அது நிற்காது.

நான் வாங்கிய ஒரு பின்ன விளையாட்டும் இதே ரகம்தான். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லும். குழந்தை ஐந்தில் இரண்டு என்று எழுதினால், ஓர் உறுமலை எழுப்பிவிட்டு அடுத்த கணக்குக்குத் தாவிவிடும். தொகுதிகளைத் தனியாகவும் பகுதிகளைத் தனியாகவும் கூட்டியதுதான் பிழை என்று அது ஒருபோதும் சொல்லாது. இரண்டு பின்னங்களையும் சம நீளப் பட்டைகளாக வரைந்து, ஒவ்வொன்றையும் ஆறு ஆறு துண்டுகளாகப் பிரித்து, மூன்று துண்டும் இரண்டு துண்டும் சேர்ந்து ஆறில் ஐந்து ஆவதைக் காட்டி, அதே கணக்கை மீண்டும் போடவிடுவதுதான் பின்னூட்டம். காசு அதற்குத்தான் கொடுக்கிறோம். க்ளூகர், டெனீசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நேர்வுகளில் பின்னூட்டம் செயல்திறனைக் குறைத்தே இருந்தது. கவனம் செய்யும் வேலையை விட்டுத் தன்னைப் பற்றிய எண்ணத்துக்குத் திரும்பும்போது அதன் பயன் குறைகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். உங்கள் மகளின் அழுகைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: நட்சத்திரம் கிடைக்காவிட்டால் மகன் கணக்கே போடுவதில்லை. இன்னும் அதிக நட்சத்திரம் தரும் விளையாட்டு எது?

பதில்: அதைச் சொல்ல மாட்டேன். படம் வரைவதை விரும்பிய மழலையரிடம் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் நடத்திய ஆய்வு 1973இல் வெளியானது. பரிசு உண்டு என்று முன்பே சொல்லி வரையவைக்கப்பட்ட குழந்தைகள் பின்னர் தாமாக வரைவது குறைந்தது; எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி நேரவில்லை. ஆகவே, எந்த வழியில் விடை கண்டான் என்பதைத் திரும்பக் காட்டும் விளையாட்டைத் தேடுங்கள்.

கேள்வி: தரவரிசைப் பட்டியல் உள்ள விளையாட்டை வாங்கலாமா?

பதில்: பட்டியலை அணைத்துவைக்க வழியிருந்தால் மட்டும்.