மூங்கில் குடிலும் அமைதி மூலையும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஆட்டிசம் உள்ள எங்கள் மகனுக்கு வயது 9. சத்தமும் பளிச்சென்ற வெளிச்சமும் ஆகாது. தரைவீடு, பின்கட்டில் 3 மீட்டருக்கு 3.5 மீட்டர் இடம் இருக்கிறது. மூங்கில், மெங்குவாங் பாய் (தாழை ஓலைப் பாய்), அத்தாப்பு ஓலை (கூரை வேயும் நீப்பா பனை ஓலை) கொண்டு அவன் ஒதுங்கி இருக்க ஒரு குடில் கட்டலாமா? சாலைச் சத்தம் குறையுமா?
- வாசகி, சிராங்கூன் கார்டன்ஸ், சிங்கப்பூர்

பதில்: கட்டலாம். ஆனால் சாலைச் சத்தம் குறையாது. பாயும் மூங்கிலும் குடிலுக்குள் எழும் எதிரொலியைத்தான் அடக்கும். லாரி, பேருந்தின் உறுமலைத் தடுக்கக் கனமான, இடுக்கில்லாத சுவர் வேண்டும். சத்தம்தான் முதல் தொல்லை என்றால் சாலைப் பக்கச் சுவரை மட்டும் செங்கல்லில் எழுப்பி இருபுறமும் பூசுங்கள். மற்ற மூன்று பக்கமும் மூங்கிலாக இருப்பதால் சத்தம் முழுதாக அடங்காது, அதன் கூர்மை மட்டுப்படும்.

தரை 1.5 மீட்டருக்கு 1.8 மீட்டர் போதும்; ஒதுங்க நினைக்கும் பிள்ளைக்குப் பெரிய இடம் உதவாது. சுற்றிலும் 60 சென்டிமீட்டர் இறவாணம் விட்டாலும் உங்கள் இடத்தில் அடங்கிவிடும். பூமியில் தூண் நடாதீர்கள். கான்கிரீட் அடித்தளத்தில் துத்தநாகம் பூசிய இரும்புத் தாங்கியை முடுக்கி, அதன்மேல் தூணை நிறுத்துங்கள். தரைப்பலகை நிலத்திலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். கரையான் மண்குழாய் கட்டி ஏறினால் அந்த இடைவெளியில் குனிந்து பார்த்தாலே தெரியும்.

மூங்கில் வாங்கும்போது 3 முதல் 5 வயது முற்றியதா, மருந்து ஏற்றியதா என்று கேளுங்கள். ஏற்றாததை வாங்கினால் சில மாதங்களிலேயே அடியில் மாவு கொட்டும். தண்டிலுள்ள மாவுச்சத்தைத் தேடி வண்டு துளைத்து, மூங்கில் உளுத்துப்போகும். நீங்களே ஊறவைப்பதானால் 50 லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ வெண்காரம் (போராக்ஸ்), ஒரு கிலோ போரிக் அமிலம். நீண்ட கம்பியால் எல்லாக் கணுக்களையும் உள்ளே துளைத்துவிட்டு, முழுதும் மூழ்கும்படி 7 முதல் 10 நாள் ஊறவையுங்கள். துளைக்காவிட்டால் மருந்து உள்ளே போகாது. பிறகு நிழலில் மூன்று, நான்கு வாரம் உலரட்டும். கையுறை போடுங்கள், தொட்டியை மூடி வையுங்கள், மிச்சத்தைச் செடிக்கு ஊற்றாதீர்கள், பட்டுப்போகும். இந்த மருந்து மழையில் கரைந்து வெளியேறிவிடும் என்பதால் இறவாணத்தைச் சுருக்காதீர்கள்.

இணைப்புகளில் ஆணி அடித்தால் மூங்கில் பிளக்கும். துளையிட்டு போல்ட் போடுங்கள். கயிற்றுக் கட்டு அழகாகத்தான் இருக்கும், ஆனால் மூங்கில் காயக் காயத் தளரும். ஒரு மாதம் கழித்து மறுபடி இறுக்க வேண்டும். விடியற்காலையில் வீசும் சுமத்ரா சூறைக்காற்றுக்கு, கூரையைத் தூண்களோடு இரும்புப் பட்டையால் பிணைப்பது கட்டாயம்.

தகரக் கூரை மழையில் பறை அடிக்கும். உங்கள் மகன் அங்கே இருக்க மாட்டான். பிளைவுட், நீர்புகாத் தாள், அதன்மேல் 45 பாகைச் சரிவில் அத்தாப்பு என்று போடுங்கள். சரிவு குறைந்தால் ஓலை ஈரம் குடித்துச் சீக்கிரம் மக்கும். எப்படியும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓலை மாற்றத்தான் வேண்டும். ஓலை தீப்பிடிக்கும் பொருள்; எல்லைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டுவது என்ற விதியும் இருக்கிறது. ஆகவே வேலை தொடங்குமுன் ஒரு கட்டடக் கலைஞரைக் கொண்டு நகர மறுசீரமைப்பு ஆணையம், கட்டட, கட்டுமான ஆணையம் இரண்டின் விதிகளையும் சரிபாருங்கள்.

கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், தாழ்ப்பாள் வேண்டாம். அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டால் அவன் கால் தெரியும். அடிக்கடி எட்டிப் பார்த்துத் தொல்லை செய்ய வேண்டியதில்லை. மூங்கில் உத்தரத்தில் ஊஞ்சல் மாட்டவே கூடாது. ஆடும்போது விழும் சுமை பிள்ளையின் எடையைவிடப் பல மடங்கு.

எல்லாவற்றுக்கும் முன்னால் பாய், மூங்கில், எண்ணெய் பூசிய பலகை என ஒவ்வொன்றிலும் ஓரடித் துண்டை அவனிடம் ஒரு வாரம் கொடுத்துப் பாருங்கள். மெங்குவாங் பாயின் விளிம்பு சில பிள்ளைகளுக்கு முள்ளாய்க் குத்தும். புதுப் பாயின் வாசனையே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

கேள்வி: நான்கறை வீட்டில், படுக்கையறைச் சுவரில் தென்னைநார்ப் பலகை ஒட்டி மகளுக்கு அமைதி மூலை செய்தோம். இரண்டே மாதத்தில் பலகைக்குப் பின்னால் பூஞ்சணம். இரவெல்லாம் ஏர்கான் ஓடுகிறது, அப்படியும் ஏன்?
- வாசகர், தெம்பனிஸ்

பதில்: ஏர்கானும் ஒரு காரணம். இரவில் சுவரும் பலகையும் குளிர்ந்துவிடுகின்றன. காலையில் அதை அணைத்து உடனே சன்னலைத் திறந்தால் வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த பரப்பில் நீராகப் படியும். ஒட்டிய பலகைக்குப் பின்னால் காற்றே இல்லை, அதனால் காயாது. பூஞ்சணம் ஏறிய நாரைச் சுத்தம் செய்ய முடியாது, எறிந்துவிடுங்கள். சுவரை 70 விழுக்காடு ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்; துடைக்கும்போது சன்னல் திறந்திருக்கட்டும், அருகில் அடுப்போ விளக்கோ வேண்டாம். புதுப் பலகையை 25 மில்லிமீட்டர் மரச்சட்டத்தில் மாட்டி, மேலும் கீழும் ஐந்து சென்டிமீட்டர் திறந்து விடுங்கள். வெளிச்சுவரைத் தவிர்த்து அறைகளுக்கு இடையிலுள்ள சுவரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஏர்கானை அணைத்தபின் சன்னலை மூடியபடி அரைமணி நேரம் மின்விசிறி ஓடட்டும். மலிவான ஈரப்பதமானி ஒன்று வாங்கி, 65 விழுக்காட்டைத் தாண்டுகிறதா என்று கவனியுங்கள். மகளுக்கு ஆஸ்துமா இருந்தால் நார்ப்பலகையே வேண்டாம். துவைக்கக்கூடிய கனமான பருத்தித் திரை போதும்.

கேள்வி: ஊரில் செய்வதுபோல் வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிட்டால் அந்த மூலை குளிருமா?
- வாசகி, ஈசூன்

பதில்: குளிராது. தண்ணீர் ஆவியானால்தான் குளிர்ச்சி. இங்குள்ள ஈரக்காற்றில் தட்டி காயவே நாளாகும், அதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். தேக்காவில் (லிட்டில் இந்தியா) வாங்கும் வேரை உலர்ந்தபடியே துணிப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். வாசனை மட்டும் கிடைக்கும், அதுவும் பிள்ளைக்குப் பிடித்தால்.

கேள்வி: பாம் ஷெல்டரை, அதாவது வீட்டுக்குள்ளேயே கட்டப்பட்ட வெடிகுண்டுப் பாதுகாப்பு அறையை, அமைதி அறையாக்கலாமா?
- வாசகர், செங்காங்

பதில்: பகலில் கொஞ்ச நேரத்துக்கு ஆக்கலாம். இரும்புக் கதவை அகற்றக்கூடாது, அது பிஞ்சு விரலை நசுக்கும் கனம். எனவே தானாக மூடிக்கொள்ளாதபடி திறந்த நிலையில் நிறுத்தி வையுங்கள். காற்றோட்டத் துளைகளை எதனாலும் அடைக்காதீர்கள். கான்கிரீட் சுவர் எதிரொலிக்கும். சுவரில் துளையிடாமல், தானே நிற்கும் மடக்குத் தட்டியில் பாயைக் கட்டி இரண்டு பக்கம் நிறுத்தி, தரையில் இலவம்பஞ்சு மெத்தை போட்டால் பெரும்பகுதி அடங்கிவிடும். விளக்கு 2,700 கெல்வின் மஞ்சள் ஒளியாக, சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கட்டும்.